நகமும் சதையும்

பிரிக்க முடியாத உறவைக் குறிக்க, 'நகமும் சதையும் போல' என்று நாம் சொல்வது வழக்கம். இரண்டில் ஒன்றைப் பிரித்தால் இரண்டுக்கும் துன்பம் என்பது அதன் கருத்து. இந்த உவமையை முதலில் சொன்னவர் யாராயினும், நகக்கண்ணில் ஒரு சிராய் ஏறிய வேதனையை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். விரல்நகம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு தகடு. ஆனால், அதன் கீழுள்ள சதையோடு அதற்குள்ள உறவு அத்துணை நெருக்கமானது.

அந்த உறவு குலைவதற்குரிய புதிய காரணம் ஒன்று நம் நாளில் தோன்றியிருக்கிறது. திருமணத்துக்கு முதல் நாளோ, பண்டிகைக்கு முதல் நாளோ ஒரு பெண் அழகு நிலையத்துக்குச் செல்கிறாள். 'மெனிக்யூர்' என்னும் கை ஒப்பனையைச் செய்துகொண்டு, பளபளக்கும் நகங்களுடன் மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறாள். இரண்டு மூன்று நாட்களில் விரல் நுனி கனக்கத் தொடங்குகிறது. நகத்தின் ஓரம் சிவந்து தெறிக்கிறது. புளி கரைக்கக் கையை விட்டால் எரிகிறது. வேறொருத்திக்கோ, பூச்சை நீக்கிய பிறகு நகம் காகிதம் போல் மெலிந்து, சட்டைப் பொத்தானை மாட்டுவதற்கும் கூசுகிறது. அழகுக்காகச் செய்துகொண்டது இவ்வாறு அல்லலாக முடிந்தால் என்ன செய்வது? எதைச் செய்யாமல் இருப்பது? எந்த நிலையில் மருத்துவரை நாடுவது? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நேயர்களே, சிகிச்சையைப் பற்றிச் சொல்வதற்கு முன், நகத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நகம் என்று நாம் காண்பது உயிரற்ற பொருள். தோலின் உயிரணுக்கள் தட்டையாகி, உலர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிய தகடு அது. 'கெரட்டின்' என்னும் புரதமே அதன் உறுதிக்குக் காரணம். மாட்டின் கொம்பும், பறவையின் அலகும், நம் தலைமயிரும் இதே இனத்தைச் சேர்ந்தவை. உயிரற்றதாகையால் நகத்தை வெட்டினால் வலிப்பதில்லை. அதே காரணத்தால், அது பழுதுபட்டால் தோலைப் போலத் தானே ஆறிக்கொள்வதும் இல்லை.

உயிர் இருப்பது நகத்தைச் சூழ்ந்த இடங்களில். நகத்தின் அடிப்புறத்தில், தோல் மடிப்புக்குள் மறைந்திருப்பது நகவேர். புதிய நகம் உருவாகும் உலைக்களம் அதுவே. கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்மையாகத் தெரியும் பிறை, அந்த வேரின் வெளியே தெரியும் பகுதியாகும். தகட்டின் கீழே, அது படிந்து முன்னேறும் மென்மையான சதைப் பரப்பை நகப்படுகை என்று கூறலாம். இனி மூன்றாவதாக ஒன்று உண்டு. நகமும் தோலும் சந்திக்கும் இடத்தில், மெல்லிய சவ்வைப் போல நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் விளிம்பு அது. கதவிடுக்கில் வைத்த அடைப்பைப் போல, நீரும் கிருமியும் நகவேருக்குள் நுழையாதபடி அது காவல் காக்கிறது. அழகு நிலையங்களில் அழுக்கென்றும் அசிங்கமென்றும் கருதி முதலில் வெட்டி எறியப்படுவது, பாவம், இந்தக் காவலன்தான்!

இவ்வமைப்பை மனத்தில் கொண்டால், நேரக்கூடிய தீங்குகளும் அவற்றின் காரணங்களும் எளிதில் விளங்கும்.

முதல் தீங்கு, தோல் விளிம்பை வெட்டுவதாலும், குச்சியால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளுவதாலும் வருவது. காவல் நீங்கிய இடுக்கின் வழியே கிருமிகள் நுழைகின்றன. விளிம்பு சிவந்து, வீங்கி, நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிக்கிறது. இதையே நம் பெரியோர் நகச்சுற்று என்றனர்.

இரண்டாவது தீங்கு, அரத்தினால் வருவது. பூச்சு நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காக நகத்தின் மேற்பரப்பைச் சுரண்டுகிறார்கள். சுழலும் இயந்திர அரம் ஒரே இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டால், நகத்தில் வில்போல வளைந்த செந்நிறப் பள்ளம் விழும். தகடு தேய்ந்து படுகை வரை நெருங்கிவிட்டதற்கு அது அடையாளம்.

மூன்றாவது தீங்கு, ஜெல் பூச்சையும் அக்ரிலிக் நகத்தையும் பெயர்த்து எடுப்பதால் வருவது. ஊற வைத்து நீக்க வேண்டிய பூச்சை, நேரமின்மையால் நெம்பி உரிக்கிறார்கள். வீட்டில் நாமே பொழுதுபோக்காக உரிப்பதும் உண்டு. பூச்சு தனியே வருவதில்லை. நகத்தின் மேலடுக்குகளையும் உடன் உரித்துக்கொண்டே வருகிறது. நெம்பிய வேகத்தில் சில நேரம் நகமே படுகையை விட்டுத் தூக்கிக்கொள்வதும் உண்டு. நகமும் சதையும் உண்மையிலேயே பிரிந்த நிலை அது.

நான்காவது தீங்கு மிகவும் நுட்பமானது. ஜெல், அக்ரிலிக் ஆகிய பூச்சுகள் திரவமாக இருக்கும்போது அவற்றில் அக்ரிலேட் என்னும் இனத்தைச் சேர்ந்த இரசாயனப் பொருள்கள் உள்ளன. விளக்கொளியில் முழுவதும் இறுகிவிட்டால் இவை பெரும்பாலும் சாதுவானவை. இறுகாத நிலையில் தோலின்மேல் பட்டால், சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, தோல் உரிதல் ஆகியவை தோன்றும். அந்த விரல்களால் தொட்ட கண்ணிமையிலும் கழுத்திலும்கூடத் தடிப்பு எழலாம். இந்த ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைக்கும் பசையிலும், எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சிமெண்டிலும், சர்க்கரையை அளக்க உடலில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் இதே இனப் பொருள்கள் உள்ளன. ஒரு மாத அழகுக்காக ஏற்ற பூச்சு, முப்பது ஆண்டு கழித்து நேரும் ஒரு சிகிச்சைக்குத் தடையாகலாம் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் இதைக் குறித்து 2018-ஆம் ஆண்டில் பொதுமக்களை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் இவற்றுள் மிகுதியாகத் தொல்லை தரும் 'ஹீமா' என்னும் பொருள் கலந்த நகப்பூச்சைப் பயிற்சி பெற்ற தொழிலாளரே பயன்படுத்த வேண்டும் என்று 2020-இல் விதி செய்தது.

இனி, செய்ய வேண்டியவை யாவை எனப் பார்ப்போம். இங்கு நினைவில் நிறுத்த வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. புண்பட்ட தோலுக்கு மருந்து உண்டு. புண்பட்ட நகத்துக்குக் காலமே மருந்து. முன்னதற்கு விரைவு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீழ் கட்டும் விரலைத் தானே ஆறுமென்று விட்டுவிட்டு, மெலிந்த நகத்தை ஒரே வாரத்தில் தேற்றிவிட மருந்துக்கடையைத் தேடி ஓடுகிறார்கள்.

நகத்தின் ஓரம் சிவந்து வலிக்கத் தொடங்கிய அன்றே, கைபொறுக்கும் சூடுள்ள நீரில் விரலைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருக்கலாம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்து, ஒவ்வொரு முறையும் ஈரம் போகத் துடைத்து உலர்த்த வேண்டும். சீழ் கட்டாத தொடக்க நிலையில் பலருக்கு இதுவே போதும். ஓரிரு நாளில் குறையாவிட்டாலும், மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் சிறிய கீறலால் சீழை வெளியேற்றினால், வலி உடனே தணியும். வீட்டில் ஊசியாலும் பிளேடாலும் குத்திப் பார்ப்பது, மேலே இருக்கும் கிருமியை ஆழத்துக்கு அனுப்பும் வழியாகும். கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் எழுந்து எரிந்தால், அது சீழன்றி, அக்கி இனத்து நச்சுயிரியின் வேலையாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது. மருத்துவரே அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளில் வழங்கிவரும் வைத்தியம். அதன் குளிர்ச்சி சற்று இதமாக இருக்கக்கூடும். ஆனால் உள்ளே கட்டிய சீழை அது வெளியேற்றாது. வெட்டுப்பட்ட தோலைப் புளிப்புச் சாறு மேலும் எரிச்சலூட்டும். பாட்டியின் அன்பை ஏற்றுக்கொள்வோம். பழத்தைச் சாதத்துக்குப் பிழிந்துகொள்வோம்.

நகம் படுகையை விட்டுத் தூக்கியிருந்தால், பிரிந்த பகுதி மீண்டும் ஒட்டிக்கொள்ளாது. பசையிட்டு ஒட்டுவதும், மேலே புதிய பூச்சிட்டு மறைப்பதும் ஈரத்தையும் கிருமியையும் உள்ளே சிறைப்படுத்துவதாகும். தூக்கி நிற்கும் பகுதியை நகவெட்டியால் வலிக்காத அளவுக்குக் குட்டையாக வெட்டிவிட வேண்டும். அடியில் குச்சியையோ ஊக்கையோ விட்டுச் சுத்தம் செய்யலாகாது. அவ்விடத்தை உலர்வாக வைத்திருப்பதே பாதிச் சிகிச்சை. நகத்தின் கீழ்ப் பச்சை நிறம் படர்ந்தால், ஈரத்தில் வளரும் ஒரு கிருமி அங்கே குடியேறியிருக்கிறது என்று கொண்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூச்சு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? தோல் புண்ணாகாமல் இருந்தால், அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, மெல்லிய அலுமினியத் தாளால் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால் ஜெல் பூச்சுகள் பல இளகிவிடும். சுற்றிலும் உள்ள தோலுக்கு முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்வது நல்லது. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் பொருள். அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில், காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்ய வேண்டும். கடின ஜெல் என்னும் வகை அசிட்டோனில் கரையாது. கைதேர்ந்த ஒருவர் மெல்ல அராவியே நீக்க வேண்டும். தோல் புண்ணாக இருந்தால் இரண்டும் வேண்டாம். ஒட்டியிருக்கும் பூச்சை அப்படியே விட்டு, நகம் வளர வளர வெட்டிவருவதே உத்தமம்.

அரிப்பும் வெடிப்பும் தோன்றி, பூச்சிட்டுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தால், ஒவ்வாமை என்று ஐயுற வேண்டும். பூச்சை அடியோடு நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது முறை. சோதனையில் உறுதியானால், அதை ஒரு தாளில் குறித்து வைத்து, பின்னாளில் பல் மருத்துவரிடமும் அறுவை மருத்துவரிடமும் தவறாமல் சொல்ல வேண்டும்.

காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகளையும் தனியே சொல்லிவிடுகிறேன். சிவப்பு விரலிலிருந்து கைவரை கோடாக ஏறுதல், காய்ச்சல், விரலை மடக்க இயலாத வலி, விரல் நுனி முழுவதும் கல்லைப் போல் இறுகி வீங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். நீரிழிவு உடையோரும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உண்போரும் இவை தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது. சிறு சிவப்புக்கே அவர்கள் மருத்துவரை நாடுவது நலம். சுண்டுவிரலின் ஓரத்தில் தொடங்கிய புண்தானே என்று அவர்கள் அலட்சியமாக இருந்தால், சில நேரம் கையே பெரும் துன்பத்துக்கு உள்ளாக நேரிடும்.

தோல் ஆறிய பிறகு, மெலிந்த நகத்தின் பிரச்சினை எஞ்சி நிற்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வில்லியம் பீன் என்னும் மருத்துவர் இருந்தார். தம் கட்டைவிரல் நகத்தில் அடையாளமிட்டு, அது எவ்வளவு வளர்கிறது என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அளந்து வந்தார். முப்பத்திரண்டு வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், அறுபத்தேழு வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்தது என்று அவர் 1980-இல் எழுதினார். இவ்வளவு எளிய ஒரு காரியத்தை இவ்வளவு காலம் விடாது செய்த அவருடைய பொறுமையில் நூறில் ஒரு பங்கு நமக்கிருந்தால் போதும். சுமாராக மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்ச்சி என்று கொண்டால், கைவிரல் நகம் முழுவதும் புதிதாக வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கு ஓராண்டும், அதற்கு மேலும் வேண்டும்.

நகவேர் அடிபட்டிருந்தால், சில வாரங்களுக்குப் பிறகு நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக்கோடு தோன்றக்கூடும். உடலில் கடுமையான நோய் வந்து நீங்கியபின் எல்லா நகங்களிலும் தோன்றும் இத்தகைய கோடுகளை, 1846-இல் போ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார். நம் விரலில் ஒன்றிரண்டு நகங்களில் மட்டும் அக்கோடு தெரிந்தால், அங்கு நேர்ந்த காயத்தின் நினைவுச்சின்னம் என்று கொண்டு அமைதியடையலாம். அது நகத்தோடு முன்னேறி, ஒருநாள் நகவெட்டியில் வெளியேறிவிடும்.

அதுவரை செய்ய வேண்டியவை எளியவை. நகத்தைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நகம் நெம்புகோல் போல வேலை செய்து, இன்னும் பிரியும். நகம் நீரை ஏற்று ஊதும், உலர்ந்து சுருங்கும் இயல்புடையது. நாள் முழுவதும் இவ்வாறு ஊதிச் சுருங்கினால் நுனி அடுக்கடுக்காகப் பிளக்கும். ஆதலால் பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ரப்பர் கையுறை அணியுங்கள். உள்ளே மெல்லிய பருத்தியுறை இருந்தால் வியர்வை தங்காது. வேலை முடிந்ததும் கையைத் துடைத்து, நகத்திலும் அதன் ஓரங்களிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். புதிய நகம் வளரும்வரை எல்லாவிதப் பூச்சுக்கும் விடுமுறை கொடுங்கள்.

நகம் மெலிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கருதி மாத்திரை விழுங்குவோர் பலர். நகத்தின் உறுதி கெரட்டினிலும் அதனுள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளிலும் உள்ளது. சுண்ணாம்புச் சத்து அதில் மிகச் சிறிய அளவே. அரத்தால் தேய்ந்த தகட்டை எந்த மாத்திரையும் தடிப்பாக்காது. மயிருக்கும் நகத்துக்கும் நல்லது என்று விற்கப்படும் 'பயோட்டின்' மாத்திரையை மிகுதியாக உண்பது, மாரடைப்பை அறியும் இரத்தப் பரிசோதனை உட்பட சிலவற்றின் முடிவைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்திருக்கிறது. நகத்துக்கென்று உண்ட மாத்திரை இதயத்தின் செய்தியை மறைப்பதென்றால், அது எவ்வளவு விபரீதம்!

அப்படியானால் அழகு நிலையத்துக்கே போகக்கூடாதா என்று சகோதரிகள் கேட்கலாம். தாராளமாகப் போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள். 'தோல் விளிம்பை வெட்ட வேண்டாம்' என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். உலோகக் கருவிகளை ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவி, உயர் அழுத்த நீராவியில் தூய்மை செய்கிறார்களா என்று கேளுங்கள். காகித அரத்தையும் மரக்குச்சியையும் அவ்வாறு தூய்மை செய்ய இயலாது. அவை உங்களுக்கென்று புதியனவாக இருக்கட்டும், அல்லது வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். விளக்கின் கீழ் நகம் சுட்டால் பொறுத்துக்கொள்ளாமல் கையை இழுத்துவிடுங்கள். வலித்தால் வாய் திறந்து சொல்லுங்கள். அழகுக்காக வலியைப் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

கருவியின் தூய்மை வெறும் கௌரவப் பிரச்சினையன்று என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அது கால் ஒப்பனையில் நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் வட கலிபோர்னியாவில், ஒரே நக ஒப்பனை நிலையத்துக்குச் சென்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கால்களில் கட்டிகள் எழுந்தன. ஆராய்ந்தபோது, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு கிருமி, அங்கிருந்த கால் கழுவும் தொட்டிகளில் குடியிருந்தது தெரிந்தது. நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து, கிருமிக்கு உணவாகியிருந்தன. அங்குச் செல்லுமுன் கால் மயிரை மழித்திருந்தவர்களே மிகுதியாகத் துன்புற்றார்கள். தொட்டி பளிச்சென்று இருந்ததா என்பதன்று கேள்வி. கண்ணில் படாத வலையைக் கழற்றிக் கழுவினார்களா என்பதே கேள்வி.

இறுதியாக, நமக்கு எதிரே குனிந்து அமர்ந்து நம் கையைப் பிடித்திருக்கும் பெண்ணையும் எண்ணிப் பார்ப்போம். நாம் மாதத்துக்கு ஒருமுறை முகரும் வாடையை அவள் நாள்தோறும் முகர்கிறாள். நம் தோலில் ஒரு துளி படும் திரவம் அவள் விரலில் பலமுறை படுகிறது. அக்ரிலேட் ஒவ்வாமை கண்டு, பழகிய தொழிலையே விடநேரும் அபாயம் அவளுக்கே மிகுதி. அரைமணியில் முடித்துக்கொடு என்று நாம் அவசரப்படுத்தும்போது, ஊறவைக்க வேண்டிய இடத்தில் அவள் உரிக்கிறாள். அவளுக்கு உரிய நேரத்தையும் உரிய கூலியையும் கொடுத்து, கையுறையும் காற்றோட்டமும் உள்ள நிலையத்தைத் தேடிச் சென்றால், நம் நகமும் பிழைக்கும். அவள் கையும் பிழைக்கும்.

இன்றிரவே யாருக்கேனும் விரல் தெறிக்குமானால், அவர் செய்ய வேண்டியது இதுதான்: பூச்சை உரிக்காதீர்கள், தோலைக் குத்தாதீர்கள், வெதுவெதுப்பான நீரில் விரலை வைத்து உலர்த்துங்கள், குறையாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றதை, பிறைக்குப் பின்னால் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கும் நகவேரிடம் விட்டுவிடுங்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக, அது புதிய நகத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.